மருதாயியின் ஊர்க்காரர்

காயத்தோடு ஒட்டிப்போன கட்டைப் பிய்த்தெடுக்கிற நேரம் பார்த்துத்தான் அவர் ஊர்வம்பை ஆரம்பிப்பார்.

“சங்கதி தெரியுமா, அண்ணே? நம்ம மருதாயி வீட்டுல பெரிய ரகளை. கொழுந்தன்காரன் வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, மாட்டை அவுத்துக் குடுங்கிறான்.”

“எந்த மருதாயி?” என்றேன் நான். கேட்டு வாய் மூடுவதற்குள் வெடுக்கென்று இழுத்துவிட்டார். எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

“முடிஞ்சுபோச்சுலா” என்று பழைய கட்டைத் தட்டில் போட்டார். “மருதாயி யாருன்னு சாயந்திரம் சொல்றேன். இப்ப அடுத்த கட்டிலுக்குப் போவணும்.”

அப்போதெல்லாம் பினாங்கு ஆஸ்பத்திரிகளில் டாக்டருக்கு அடுத்தபடியாக, புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுப் போடுகிறவரை டிரெஸ்ஸர் என்பார்கள். அவர் டிரெஸ்ஸர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, படிய வாரிய தலை, உடம்பெல்லாம் கார்பாலிக் வாசனை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போனாலும் அந்த வாசனை கூடவே போகும். நான் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. அரிசி மூட்டை அடுக்குச் சரிந்து என் முழங்காலில் விழுந்ததால் அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தார்கள். வேலை போய்விடுமோ என்ற கவலையில், யார் வாயைத் திறந்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

சாயந்திரம் சொன்னபடி வந்தார். மருதாயி யார் என்று சொல்லவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் தலையணைக்கு அடியில் செருகினார். “இதுல இருக்கா, பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாவல். முன் அட்டை இல்லை, பெயர் போட்ட தாளும் இல்லை. காயத்துணியை மடித்து, பிளாஸ்திரி ஒட்டி, அவரே அட்டை போட்டிருந்தார். எழுதியவர் யார் என்று அவருக்கே தெரியாது. நான் அந்த நாளில் துப்பறியும் கதை தவிர வேறெதையும் தொடாதவன். புரட்டிப் பார்த்தேன். கொலையில்லை. வைரமாலை எதுவும் காணாமல் போகவில்லை. மழை பொய்த்துப்போன ஒரு சிற்றூர். அதில் மருதாயி என்று புருஷனை இழந்த ஒருத்தி. அவளுக்கு ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு, பங்கு கேட்டுச் சண்டை பிடிக்கும் ஒரு கொழுந்தன். காலையில் தோட்டத்துக்குப் போகிறாள், பொழுது சாயத் திரும்புகிறாள், வாசலுக்கு வந்தவருக்குக் கஞ்சி ஊற்றுகிறாள். இதை எழுத ஒருவர் மெனக்கெட்டிருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம்கூட வந்தது. ஆனால் படுத்திருப்பவனுக்கு வேறு போக்கிடம் ஏது? தொடர்ந்து படித்தேன். பிறகு, போக்கிடம் இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அந்தப் புத்தகத்தை அவர் யாருக்கும் “படியுங்கள்” என்று சொல்லிக் கொடுத்ததில்லை. மருதாயியைப் பற்றி அக்கம்பக்கத்துச் சேதி போலப் பேசுவார். மருதாயிக்குக் காய்ச்சல் என்பார். மருதாயி மாட்டுக்கு நோவு என்பார். கேட்டவர் அவள் யார் என்று விசாரித்தால் தீர்ந்தது, புத்தகம் தலையணைக்கு அடியில் போய்விடும். தமிழ் தெரியாத சீனன் ஒருவன், ரிக்ஷா இழுக்கிறவன், இடுப்பொடிந்து கிடந்தான். அவனுக்கும் மலாயில் சொல்லியிருக்கிறார். டிரெஸ்ஸர் வார்டுக்குள் நுழைந்ததுமே, அந்தப் பொம்பளையின் மாடு பிழைத்ததா என்று அவன் தலையைத் தூக்கிக் கேட்பான்.

எங்கள் வார்டில் முனிசிபல் ஆபீஸ் எழுத்தர் ஒருவர் இருந்தார். புத்தகத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“என்ன டிரெஸ்ஸர், இதுல ஒண்ணுமே நடக்கலையே?”

“உங்க வீட்டுல போன வாரம் என்ன நடந்துச்சு, சார்?”

“என் வீட்டுலயா? ஒண்ணும் நடக்கல.”

“அப்புறம் ஏன் சார், எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க, எப்ப அனுப்புவீங்கன்னு டாக்டரைப் போட்டு அரிக்கிறீங்க?”

அன்றைக்கு மத்தியானம் எழுத்தர் புத்தகத்தை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்ததைப் பார்த்தேன்.

டிரெஸ்ஸரிடம் ஒரு கண்டிப்பும் உண்டு. எழுதியதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க விடமாட்டார். நாடகத்தில் கட்டியங்காரன் வேஷம் போடுகிற ஒருவன் காலொடிந்து வந்திருந்தான். அவன் மருதாயி கதையைப் பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொல்லும்போது, சுவைக்காக அவள் மாமியாரைக் கிணற்றில் தள்ளிவிட்டதாகச் சேர்த்துவிட்டான். டிரெஸ்ஸருக்கு முகம் சிவந்துவிட்டது.

“எழுதாததைச் சொல்லாதீங்க. அவ தள்ளல. அப்பிடிப்பட்டவ இல்ல அவ.”

“கதைதானே, அண்ணே!”

“உங்க தங்கச்சியப் பத்தி ஒருத்தன் இப்பிடிச் சேத்துச் சொன்னா விடுவீங்களா?”

அன்று முழுவதும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மனைவி டத்தோ கிராமாட் பக்கத்து வீட்டிலிருந்து தினமும் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவருவார். நல்ல வாய்த்துடுக்கு. “வீட்டுலயும் இந்தக் கூத்துதான், அண்ணே. அவளுக்கு ஒரு தட்டு போடச் சொல்லாததுதான் பாக்கி” என்று என்னிடம் சிரித்தார்.

இத்தனைக்கும் மனிதர் இந்தியாவைக் கண்ணால் கண்டவரில்லை. பினாங்கிலேயே பிறந்து, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, ஞானோபதேசத்துக்காகத் தமிழ் கற்றவர். அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. நான் புத்தகத்தை முடித்த அன்று, மருதாயி தோட்டத்துக் கத்தரிக்காயைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் விழித்தார்.

“தோட்டத்துல ஏது கத்தரிக்கா? பால்மரந்தானே நிக்கும்?”

எனக்கு முதலில் புரியவில்லை, பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். மலாயாவில் தோட்டம் என்றால் ரப்பர்த் தோட்டம். இந்தியாவில் எங்கள் ஊர்ப் பக்கத்தில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனத்தில் மிளகாயும் கத்தரியும் போடுகிற துண்டு நிலம். இந்த மனிதர் அத்தனை வருஷமாக மருதாயியை ரப்பர் மரங்களுக்கு நடுவில் நடக்கவிட்டிருக்கிறார்! வரிசை வரிசையாகப் பால்மரம். மரத்துக்கு மரம் கோப்பை. நடுவில் எதற்கோ ஒரு கிணறு. நான் விளக்கிச் சொன்னதும், கிணற்றில் நீர் இறைக்கும் கமலை என்றால் என்ன, மாடு எப்படிப் பின்னால் நடக்கும், சால் எப்படிக் கவிழும் என்று குடைந்து குடைந்து கேட்டார். தலையணையையும் கட்டுத்துணியையும் வைத்துக் கமலை இறைத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

“அப்ப இத்தன நாளும் நான் அவளைச் சரியாப் பாக்கவே இல்ல” என்றார். குரல் இறங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

ஆனால் வார்டில் கிடந்த எழுத்தறியாத தோட்டத்து ஆட்களுக்கு வாசித்துக் காட்டும்போது இந்த வித்தியாசத்தை அவர் சொல்லவில்லை. “அவங்க அவளைத் தங்களோட ஆளுன்னு நெனைச்சுக் கேக்குறாங்க. அப்பிடியே இருக்கட்டும்” என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய், தோட்டம் தோட்டமாகப் பால்வெட்டு வேலையை நிறுத்திக்கொண்டிருந்த வருஷம் அது. வேலை இழந்தவர்களை நாகப்பட்டினக் கப்பலில் இலவசமாக ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தவனும் அப்படி ஆட்குறைப்பில் நின்றுபோன பால்மரம் வெட்டுகிறவன்தான். இளவயது. காலில் ஆறாத புண். புண் ஆறினால் கப்பல். மனைவி கைக்குழந்தையோடு, தெரிந்தவர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு, பார்வை நேரத்துக்குத் தவறாமல் வந்துவிடுவாள்.

அவன் தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். இந்தியாவைப் பற்றித் தெரிந்தது, அப்பன் சொன்ன “திருச்சிக்குத் தெக்கால” என்கிற ஒரே வார்த்தை. அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. எழுத்து வாசனை கிடையாது. டிரெஸ்ஸர் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, வேலை ஓய்ந்த மத்தியானங்களில், மருதாயி புத்தகத்தை முதலிலிருந்து வாசித்தார். அவன் கண் கொட்டாமல் கேட்பான். ஊமையாகக் கிடந்தவன் பேச ஆரம்பித்தான். மருதாயி சிரித்தால் சிரித்தான்.

ஒருநாள் அவன் அசந்து தூங்கும்போது, மனைவி டிரெஸ்ஸரை வாசல் பக்கம் கூப்பிட்டாள். கட்டிலில் இருந்த எனக்கும் கேட்டது.

“ஐயா, நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும். எங்கக்கா அக்கரையில, பிறை ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கு. அங்க இன்னும் வேலை ஓடுது. அரைச் சம்பளம்னாலும் குந்த ஒரு எடம் இருக்கு, வாங்கன்னு ஆள் அனுப்பிருச்சு. இவரு வரமாட்டேங்கறாரு.”

“ஏனாம்? மச்சினிச்சி வீட்டுல போய் நிக்க வெக்கமா?”

“அது இல்லீங்க. கப்பல் ஏறி மருதாயியக்கா வீட்டுக்குப் போறாராம்.”

டிரெஸ்ஸர் அவளை ஏதோ தெரியாத பாஷையைக் கேட்பவர் மாதிரிப் பார்த்தார்.

“ஊர்லேருந்து உங்களுக்குக் கடுதாசி வருதாமே? அதைத்தான் வாசிச்சுக் காட்டுறீங்களாமே? அந்தக்கா வீட்டுப் பக்கத்துலயே தோட்டம் இருக்காம். துரை கெடையாதாம், கங்காணி கெடையாதாம். போய் நின்னா முதல்ல பசியாறச் சொல்லும், அப்புறம் வேலையும் வாங்கிக் குடுக்கும்னு சொல்றாரு. இந்தப் புள்ளைய வச்சுக்கிட்டு, முன்னப்பின்ன பாக்காத சீமையில போய் நாங்க யார் வாசல்ல நிப்போம்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதப்பட்ட ஒன்றைத் தோட்டத்தில் ஒருவர் உட்கார்ந்து உரக்க வாசித்தால், அது ஊர்க் கடிதம். வேறெதையும் அந்த லயங்களில் யாரும் வாசித்துக் கேட்டதில்லை. இது கொஞ்சம் தடித்த கடிதம், அவ்வளவுதான். தவிரவும், “நம்ம மருதாயி, நம்ம மருதாயி” என்று வாய்க்கு வாய் சொன்னவர் வெள்ளைக் கோட்டுப் போட்ட டிரெஸ்ஸர். அவன் எப்படி நம்பாமல் இருப்பான்?

டிரெஸ்ஸர் அன்றைக்கே உண்மையைச் சொல்லிப் பார்த்தார்.

“தம்பி, மருதாயின்னு ஒருத்தி இல்லப்பா. இது கதை.”

“ஆமாங்கய்யா, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதைதான்” என்றான் அவன்.

“அது இல்ல. ஒருத்தர் மனசால நெனைச்சு எழுதினது.”

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு டிரெஸ்ஸரைப் பார்த்துச் சிரித்தான். “இவ அழுது சொல்லச் சொன்னாளா, ஐயா? அந்தக்கா மாட்டுக்கு நோவு வந்தப்ப உங்க கண்ணு கலங்கினதை நான் பாத்தேனே.”

நானும் என் பங்குக்கு, அந்தத் தோட்டத்தில் பால்மரமே இருக்காது, வேலையும் கிடைக்காது என்று மன்றாடினேன். “உங்க ஊர்ல இல்லாம இருக்கும், கிராணி ஐயா. எல்லா ஊரும் ஒண்ணா?” என்று வாயை அடைத்துவிட்டான். அவன் புண் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. கப்பல் துறைக்கு வந்துவிட்டதென்று எங்கள் கிடங்கு ஆட்கள் வந்து சொன்னார்கள்.

மறுநாள் மத்தியானம் டிரெஸ்ஸர் புத்தகத்தோடு வந்தார். கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி. அதை நான் படித்திருந்தேன். கிணறு வறண்டு, ஊரே கைவிரித்த பிறகு, பகைத்து நின்ற கொழுந்தன் கடப்பாரையோடு வருகிறான். இருவரும் பேசிக்கொள்ளாமலே கிணற்றை இன்னும் தோண்டுகிறார்கள். சேறு ஈரமாகிறது, ஊற்றுக்கண் திறக்கிறது. மருதாயி அந்தக் கலங்கல் தண்ணீரை முதலில் மாட்டுக்குக் கொடுக்கிறாள். அவ்வளவுதான். அதைப் படித்து நான் போர்வைக்குள் அழுதிருக்கிறேன்.

டிரெஸ்ஸர் புத்தகத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டார். அவன் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“தோண்டத் தோண்டப் பாறைதான் வந்தது. ஊற்றுக்கண் திறக்கவில்லை” என்று வாசித்தார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை. அவர் கண் ஏட்டில் நின்ற இடத்திலேயே நின்றது, தாளைப் புரட்டவும் இல்லை. குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. மருதாயி மாடுகளை விற்றாள். ஊருக்குள் ஆள் பிடிக்க ஒரு கங்காணி வந்தான். கொழுந்தன் போனான், பக்கத்து வீட்டார் போனார்கள், ஊர் காலியாயிற்று. கடைசியாக மருதாயி கதவைச் சாத்திவிட்டு, நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் ஏறினாள்.

எனக்கு வாய்வரை வந்துவிட்டது, ஐயையோ அப்படி இல்லையே என்று. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறத்தியார் சேர்த்த ஒரு சொல்லுக்கு முகம் சிவந்த அந்த மனிதர், பேசாதே என்று கண்ணாலேயே என்னிடம் கெஞ்சினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கட்டிலில் இருந்தவன் மெதுவாகக் கேட்டான்.

“அப்ப அந்தக்கா இப்ப அங்க இல்லியா?”

“இல்லப்பா. அங்க யாருமே இல்ல.”

“இங்கதான் இருக்காங்களா? எந்தத் தோட்டம்னு போட்டிருக்கா, ஐயா?”

இதை டிரெஸ்ஸர் எதிர்பார்க்கவில்லை. தரையில் இருந்தவளைப் பார்த்தார். அவள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். டிரெஸ்ஸர் புத்தகத்தை மூடிவிட்டு, அவள் அக்காள் இருக்கிற தோட்டத்தின் பெயரைச் சொன்னார்.

கப்பல் அவர்கள் இல்லாமல் போயிற்று. அந்த வாரத்துக்குள் குடும்பம் அக்கரைக்குப் போய்விட்டது. போகும்போது அவள் டிரெஸ்ஸரின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அவர் செய்தது சரியென்றே அன்றும் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதை அவரிடம் சொல்லியும் பார்த்தேன். “சரிதான் அண்ணே, தப்புன்னு யாரு சொன்னா?” என்று பேச்சை வெட்டிவிட்டார். ஆனால் அதன்பிறகு மருதாயியைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. கட்டுப் பிய்க்கும்போது மழையைப் பற்றி, பாசார் மீன் விலையைப் பற்றிப் பேசினார். புத்தகம் யார் தலையணைக்கும் போகவில்லை. நோயாளிகள் முன்னைவிட உரக்கக் கத்தினார்கள்.

எனக்கு முழங்கால் மடங்காமலே போனது. கிடங்கு வேலையை எப்படியோ காப்பாற்றிக்கொண்டேன். காலை நீவிவிட அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போவேன். அப்படிப் போயிருந்த ஒரு காலை வேளையில், அக்கரையிலிருந்து அந்த இளைஞன் வந்து நின்றான். தேறியிருந்தான். புண் இருந்த காலைத் தூக்கிப் பெருமையாகக் காட்டினான். வேலை குறைச்சல்தான், ஆனால் மூன்று பேருக்கும் கஞ்சிக்குப் பஞ்சமில்லை என்றான். குழந்தை நடக்கிறதாம்.

“இன்னொரு சங்கதி, ஐயா. அந்தக்காவைப் பாத்துட்டேன்.”

டிரெஸ்ஸர் கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

“யாரை?”

“மருதாயியக்காவைத்தான். கடைசி லயத்துல தனியா இருக்கு. பேரை வேற மாதிரிச் சொல்லுது. இங்க வந்து எழுதிக்கும்போது கிராணிங்க மாத்திப் போட்டுட்டானுங்க போல. வயசாயிருச்சு, ஒரு கண்ணு சரியாத் தெரியல. புள்ளைக்குத் தெனமும் ஏதாச்சும் குடுக்கும்.”

அது மருதாயி இல்லை என்று டிரெஸ்ஸரால் சொல்லவும் முடியவில்லை, ஆமாம் என்று தலையாட்டவும் முடியவில்லை. கடைசியில், என்னைத் திரும்பிப் பாராமல், ரொம்பத் தயங்கிக் கேட்டார்.

“நல்லா இருக்காளா?”

“இருக்கு, ஐயா. ஊர்ப் பேச்சு எடுத்தா மட்டும் பேசமாட்டேங்குது. நான் விடாம நச்சரிச்சுக் கேட்டேன். கெணத்துல தண்ணி இருந்துச்சாம். மாடும் இருந்துச்சாம். எதுக்காகக் கப்பல் ஏறினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலன்னு சொல்லிச்சு. சொல்லிட்டு அழுதிருச்சு.”

டிரெஸ்ஸர் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர் எங்கள் எதிரில் அழுதார். அவன் பயந்துபோய் என்னைப் பார்த்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவகிட்ட ஒரு வார்த்தை சொல்றியா, தம்பி? கப்பல்ல ஏத்திவிட்டவன் நான்தான்னு சொல்லு. மன்னிச்சுக்கச் சொல்லு.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும், “சொல்லிடறேன், ஐயா” என்றான்.